“அசிங்கமாத் திட்டினாரு” என்று மட்டும் எழுதாதீர்கள்

தீபாவளிக்கு முந்தின வாரம் மதுரை விளக்குத்தூண் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ஜவுளிக்கடைகளில் நிற்கவே இடம் இருக்காது. அப்படி ஒரு நாள் இரவு எட்டரை மணிக்கு, காலையிலிருந்து நின்ற கால் தாங்காமல் ஒரு பெண் சேலைக் கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார். உசிலம்பட்டிப் பக்கத்து ஊர், கடை ஹாஸ்டலில் தங்கி வேலை. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஃப்ளோர் மேனேஜர் பார்த்துவிட்டார். கஸ்டமர்கள் முன்னாலேயே திட்டு. பதில் சொல்ல வாயெடுத்ததும் கையிலிருந்த ஹேங்கரை வீசினார். புருவத்துக்கு மேலே பட்டது.

அந்தப் பெண் வக்கீலான என்னிடம் வந்தது 12 நாள் கழித்து. “எறிஞ்சதுனாலதான் வந்தேன் மேடம். திட்டுறதுக்கெல்லாம் வரணும்னா தினமும்ல வரணும்” என்றார்.

மதுரையில் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் எனக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. மில், ஓட்டல், ஆஸ்பத்திரி என்று எங்கிருந்து வருகிறவர்களும் திட்டைச் சம்பளத்தோடு சேர்ந்து வருவதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நான் பார்த்த வழக்குகளில் அடி திடீரென்று விழுந்ததில்லை. முதலில் “வாடி, போடி”, அப்புறம் அம்மாவை இழுத்துப் பேச்சு, அப்புறம் கையில் கிடைத்தது பறந்து வரும்.

“என்ன சொல்லித் திட்டினார்?” என்று கேட்டேன். “அசிங்கமா மேடம்.” “என்ன வார்த்தை?” தலையைக் குனிந்துகொண்டார்.

நல்ல புகார்கள் பல இந்த இடத்தில்தான் நொண்டியடிக்கின்றன. “தகாத வார்த்தைகளால் திட்டினார்” என்று மட்டும் எழுதிய புகாரை எதிர்த்தரப்பு வக்கீல் சுலபமாக உடைத்துவிடுவார். பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியதற்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆவது பிரிவில் வழக்குப் போட்டால், சொன்ன வார்த்தை என்ன என்று நீதிமன்றம் கேட்கும். பட்டியலின, பழங்குடி மக்களைச் சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அங்கேயும் எந்த வார்த்தை, எந்த இடம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதில்தான் வழக்கு நிற்கும்.

அந்தப் பெண்ணிடம் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தபோது நான்கு வரி எழுதியிருந்தார். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அந்தச் சொற்களைத் தன் வாயால் சொன்னால் தனக்குத்தான் கேவலம் என்று நினைத்து, 12 நாளாக மனசுக்குள் வைத்திருந்திருக்கிறார்.

அவர் உட்கார்ந்ததில் தப்பே இல்லை. 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்று சேர்த்தார்கள். அந்தத் தளத்தில் ஒரு ஸ்டூல்கூட கிடையாது.

காயம் ஆறிவிட்டிருந்தது. மெடிக்கலில் ஆயின்மென்ட் வாங்கிப் போட்டிருக்கிறார், ரேக்கில் இடித்துக்கொண்டதாக வீட்டாரிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய், இன்னார் எறிந்ததால் வந்த காயம் என்று டாக்டரிடம் சொல்லியிருந்தால் ஏ.ஆர். பதிவு (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் காயத்தைப் பற்றிய குறிப்பு) இருந்திருக்கும். டாக்டரிடமும் “இடித்துக்கொண்டேன்” என்று சொல்லிவிடாதீர்கள், பிற்பாடு அந்த ஒரு வரியே வழக்கைச் சாய்த்துவிடும். கடையின் சிசிடிவி பதிவு நாளாக நாளாக அழிந்துபோகும், அதைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி உடனே எழுத்தில் கேளுங்கள். போனில் குரல் பதிவு செய்திருந்தால் அந்த போனையே பத்திரமாக வையுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்டேஷனில் புகார் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

கமிட்டி விஷயத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் புகார் கமிட்டி அமைக்கச் சொல்லும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் துன்புறுத்தலுக்கு மட்டுமானது, எல்லாத் திட்டுக்கும் அங்கே போக முடியாது. ஆனால் பெண்ணைப் பாலியல் கொச்சையாகப் பேசியிருந்தால் போகலாம், 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். அதைவிடச் சின்ன இடம் என்றால் மாவட்ட அளவில் ஒரு கமிட்டி உண்டு. அவர் எழுதிய நான்கு வரியில் இரண்டு அந்த ரகம்.

கடையில் இன்னொன்றும் செய்யப் பார்த்தார்கள். “சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்” என்று எழுதிக் கொடுத்தால்தான் சம்பளப் பாக்கி என்றார்கள். நல்லவேளை, கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டார். போட்டிருந்தால் அந்தத் தாளைத்தான் எங்கள் முன்னால் நீட்டியிருப்பார்கள்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு: பெண்களுக்கும், பட்டியலின, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

அந்தப் பெண் கமிட்டிக்கே புகார் கொடுத்தார். விசாரணைக்குள் வக்கீல் போக முடியாது, அவரேதான் பேச வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் என் அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த நான்கு வரியையும் வாய்விட்டு வாசித்துப் பார்த்தார். மூன்றாவது வரியில் குரல் அடைத்துக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.