முதல்வர் காப்பீட்டு அட்டை: சென்னையில் யாருக்கு, எப்படி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். தலைக்கு 5 லட்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை. பிரீமியத்தை அரசு கட்டிவிடும். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் இப்போதைய பெயருக்கு வந்து, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் அட்டையில் பெயர் உள்ள கணவன், மனைவி, பிள்ளைகள், அவர்களை நம்பியிருக்கும் பெற்றோர் சேரலாம். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பு கிடையாது. விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் அட்டை, ஆதாருடன் ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே போய்விடுங்கள். ஒருவரை அட்மிட் செய்துவிட்டு விஏஓ ஆபீஸுக்கு அலைவது பெரும்பாடு.

பெரிய தனியார் ஆஸ்பத்திரி என்பதால் எல்லா சிகிச்சையும் திட்டத்தில் வந்துவிடாது. உங்கள் நோய்க்கான சிகிச்சைக்கு அந்த ஆஸ்பத்திரி அனுமதி பெற்றிருக்கிறதா என்று 1800 425 3993-ல் முதலில் கேளுங்கள். அங்கே காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டினால், காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதியை அவர்களே வாங்குவார்கள். சாதாரணக் காய்ச்சலுக்கு ஓபி சீட்டு, மாத்திரைச் செலவு இதில் வராது. ஜிஎச், ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற அரசு ஆஸ்பத்திரிகளில் எப்படியும் இலவசம்தானே, அட்டை எதற்கு என்று விட்டுவிட வேண்டாம். உங்கள் சிகிச்சைக்கான காப்பீட்டுப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே போகிறது.

எனக்கு உறுத்துவது வருமான வரம்புதான். 1,20,000 என்றால் மாதம் 10,000. சென்னையில் ஒற்றை அறை வாடகையும் கேஸும் கட்டவே அது இழுபறி. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனியில் மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு, கே.கே. நகர், அயனாவரம் ஆஸ்பத்திரிகளுக்குப் போகலாம். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து 13,000 சம்பாதிக்கும் அக்காவுக்கு இஎஸ்ஐயும் இல்லை, இந்த வரம்புக்குள்ளும் அவர் வரமாட்டார். நிலையான சம்பளக்காரரைவிட இவருக்குத்தான் ஒரு ஆபரேஷன் வந்தால் வட்டிக்கு வாங்க நேரும்.

அப்படி விடுபட்டவர்களுக்கும் சாலை விபத்து என்றால் ஒரு வழி இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். வருமானச் சான்று, அட்டை எதுவும் தேவையில்லை, வெளிமாநிலத்தவருக்கும் பொருந்தும். 108-ஐ அழைத்தால் போதும்.