பி.டி.எஃப். கோப்பின் தலையும் வாலும்

போன மாதம் ஒரு கட்டண ரசீதைத் தரவிறக்கி வைத்திருந்தேன். வரிக் கணக்குக்காக அதைத் திறந்தால், 'பி.டி.எஃப். ஆவணத்தை ஏற்ற முடியவில்லை' என்றது உலாவி. உலாவியை மாற்றினேன், கணினியை அணைத்து மறுபடி போட்டேன், பயனில்லை. கடைசியில் நோட்பேடில் திறந்து பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அது பி.டி.எஃப். கோப்பே அல்ல, 'மீண்டும் உள்நுழையவும்' என்று சொல்லும் வலைப்பக்கம். நான் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் தளம் என்னை வெளியேற்றிவிட்டது. ரசீது கேட்டவனுக்கு நுழைவுப் பக்கத்தைக் கொடுத்து, அதற்கு ரசீதின் பெயரையே சூட்டியும் அனுப்பியிருக்கிறது.

அசல் பி.டி.எஃப். கோப்பின் தலையில் ஒரு சதவீதக் குறியும், பி, டி, எஃப் என்ற மூன்று எழுத்துகளும், பதிப்பு எண்ணும் இருக்கும். அங்கே எச்.டி.எம்.எல். (வலைப்பக்கங்களை எழுதும் மொழி) என்று கண்டால் கோப்பைப் பழுதுபார்ப்பது வீண் வேலை. மறுபடி உள்நுழைந்து புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.

தலை சரியாக இருந்தும் திறக்கவில்லையா? வாலைப் பாருங்கள். 1993-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட இந்த வடிவத்தின் விசித்திரமே, இதைப் பின்னாலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும் என்பதுதான். பக்கங்கள், எழுத்துருக்கள், படங்கள் எல்லாம் எண்ணிட்ட துண்டுகளாக உள்ளே கிடக்கும். எந்தத் துண்டு எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற அட்டவணை பொதுவாகக் கடைசிப் பகுதியில் இருக்கும். அந்த அட்டவணை இருக்கும் இடத்தை இறுதி வரிகள் சொல்லும். தரவிறக்கம் முடியும் தறுவாயில் இணையம் அறுந்துபோனால், பக்கங்கள் அநேகமாக எல்லாமே வந்திருந்தும் அவற்றின் முகவரிப் பட்டியல் மட்டும் வந்திருக்காது. சில செயலிகள் கோப்பு முழுவதையும் துழாவிப் பட்டியலைத் தாமே கட்டிப் பார்க்கும். சில பக்கங்கள் தேறும், சில வெறும் வெள்ளையாக நிற்கும்.

பட்டியலை வாலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கோப்பைத் திருத்தும்போது பழையதைத் தொடாமல், மாற்றங்களையும் புதிய அட்டவணையையும் பின்னால் ஒட்டிவிடலாம். (நீங்கள் அழித்துவிட்டதாக நம்பும் வரி உள்ளேயே பத்திரமாக இருக்கக்கூடும் என்பது இதன் மறுபக்கம்.) டிஜிட்டல் கையொப்பம் பிழைத்திருப்பதும் இதனால்தான். கையொப்பம் குறிப்பிட்ட பைட்டுகளுக்குக் காவல் நிற்கிறது. அவை மாறாதவரை அது செல்லும். எனவே கையொப்பமிட்ட சான்றிதழை உலாவியில் திறந்து, 'அச்சிடு' வழியாக பி.டி.எஃப். ஆகச் சேமிக்காதீர்கள். அப்போது உருவாவது முற்றிலும் வேறொரு கோப்பு; கையொப்பத்தின் படம் இருக்கும், உயிர் இருக்காது. மேலே உள்ள தரவிறக்கப் பொத்தானை அழுத்தினால்தான் அசல் கிடைக்கும்.

ஒரு தளத்தில் சொடுக்கினால் கோப்பு விரிகிறது, இன்னொன்றில் நேராகத் தரவிறக்கமாகிறது. இது பெரும்பாலும் தளத்தின் வழங்கி (சர்வர்) கோப்போடு ஒட்டியனுப்பும் சீட்டின் வேலை. 'இது பி.டி.எஃப்., இங்கேயே காட்டு' என்றோ 'இணைப்பாகக் கொடு' என்றோ அதில் எழுதியிருக்கும். எல்லாத் தளங்களிலும் தரவிறக்கமே நடந்தால் உங்கள் அமைப்பைச் சோதியுங்கள். குரோமில் தள அமைப்புகளுக்குள் பி.டி.எஃப். ஆவணங்களுக்கென்று ஒரு தேர்வு இருக்கிறது. பயர்பாக்ஸில் பொது அமைப்புகளில் செயலிகள் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

படிவத்தை நிரப்பிச் சேமித்த பிறகு கட்டங்கள் காலியாக இருந்தால், மாற்றங்கள் இல்லாத மூலப்படியைச் சேமித்திருக்கலாம். குரோம் சேமிக்கும்போது 'மாற்றங்களுடனா, இல்லாமலா' என்று கேட்கும். அவசரத்தில் அதைக் கவனிப்பதில்லை.

எனக்கு எரிச்சலூட்டுவது, 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று ஆங்கிலத்தில் ஒரே பக்கமாகத் திறக்கும் படிவம். கனடா குடியேற்ற விண்ணப்பங்களை நிரப்பியவர்களுக்கு இது பழகியிருக்கும். எக்ஸ்.எஃப்.ஏ. என்ற பழைய முறையில் செய்த படிவம் அது; உண்மையான படிவம் உள்ளே வேறொரு மொழியில் ஒளிந்திருக்க, அதைப் புரிந்துகொள்ளாத செயலிக்கு இந்த முகப்பு மட்டுமே தெரிகிறது. 2017-இல் வந்த பி.டி.எஃப். 2.0 தரநிலை இம்முறையை ஓரங்கட்டிவிட்டது. படிவங்கள்தான் இன்னும் ஓயவில்லை. பயர்பாக்ஸ் 2021 முதல் இவற்றில் பலவற்றைத் திறக்கிறது. மற்றபடி, கோப்பைச் சேமித்துக்கொண்டு, கைப்பேசியை விட்டுவிட்டுக் கணினியில் அடோபி ரீடரில் திறக்க வேண்டும். உலாவியில் விடியும்வரை காத்திருந்தாலும் அந்தப் பக்கம் மாறாது.