தலைகீழாக நட்ட குச்சி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்ட லயத்தில் பத்துமணிப்பூ தொங்காத வாசல் குறைவு. மைலோ டின்னில் ஓட்டை போட்டுக் கம்பி கட்டினால் சட்டி தயார். விதை வாங்கியவர் யாருமில்லை. "அத்தை, ஒரு குச்சி கிள்ளிக்கவா?" என்று கேட்டால் போதும்.

கிள்ளிய தண்டுக்கு வேர் எங்கிருந்து வருகிறது? எல்லாம் ஆக்சின் என்ற வளரூக்கியின் வேலை. நுனியிலும் இளம் இலையிலும் உருவாகி, மணிக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வேகத்தில் தண்டுக்குள் இறங்கும். முழுச் செடியில் அது வேர்வரை போய்விடும். கிள்ளிய தண்டில் போக வழியில்லாமல் வெட்டுவாயருகே தேங்குகிறது. அந்தத் தேக்கம் அங்குள்ள செல்களைப் பெருகத் தூண்ட, வேர் முனைகள் வெள்ளையாகத் தலைகாட்டுகின்றன.

இறங்குவது பூமி இழுப்பதால் என்று நினைத்தால் தப்பு. ஜெர்மன் தாவரவியலாளர் ஹெர்மன் ஃபெக்டிங் வில்லோ மரக் குச்சிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்தார். 1878இல் அதை எழுதினார். வேர் அதிகம் வந்தது பழைய அடிமுனையில்தான், அதாவது அப்போது மேலே இருந்த முனையில்! ஆக்சினை வெளியே தள்ளும் புரதங்கள், அதைக் கடத்தும் செல்களில் அடிப்பக்கமாகவே உட்கார்ந்திருக்கின்றன. குச்சியைத் திருப்பினாலும் அவை உடனே இடம் மாறுவதில்லை. சின்ன வயதில் காகிதப்பூக் குச்சியை மாற்றி நட்டு, வாரக்கணக்கில் தண்ணீர் ஊற்றிய ஆள் நான்.

காகிதப்பூ கொஞ்சம் பிடிவாதக்காரி. பென்சில் தடிமனில் முற்றிய குச்சி வேண்டும். வேரில்லாத குச்சி குடிக்கும் தண்ணீர் கொஞ்சம், இலை ஆவியாக்குவதோ அதிகம். அதனால் பாதி இலையைக் கிள்ளி, பிளாஸ்டிக் பையால் மூடி நிழலில் வைப்போம். பூவையும் விடக்கூடாது, இருக்கிற சர்க்கரையை அது தின்றுவிடும். பத்துமணிப்பூவுக்கு இந்தச் சடங்கெல்லாம் இல்லை. தடித்த இலையிலேயே தண்ணீர் இருக்கிறது. இரண்டுக்கும் எமன் சேறுதான். வேர் மூச்சுவிடக் காற்று வேண்டுமே, மண்ணில் மணல் கலந்தாக வேண்டும்.

அப்படியானால் ரப்பர் மரத்தையும் குச்சி வைத்தே வளர்க்கலாமே? முற்றிய மரத்துக் குச்சி லேசில் வேர் விடாது. விட்டாலும் உருப்படியான ஆணிவேர் இருக்காது, பெருங்காற்றில் மரம் சாய்ந்துவிடும். அதனால்தான் நாற்றுமேட்டில், விதையில் முளைத்த கன்றின் பட்டையைக் கீறி, நல்ல மரத்தின், கிளையாக வளரும் மொட்டை வைத்துக் கட்டுகிறார்கள். மொட்டு பிடித்ததும் கன்றின் தலையை வெட்டிவிடுவார்கள். ஆணிவேர் ஒரு மரத்துடையது, பால் சுரக்கும் பட்டை இன்னொன்றுடையது.