விலாங்கு வயிற்றில் ஏன் சினை இருப்பதில்லை?

பெங்களூரு ரசல் மார்க்கெட்டில் விலாங்கு மீனை வெட்டக் கொடுத்துவிட்டு "சினை இருக்காண்ணா?" என்று கேட்பவர்கள் உண்டு. இருக்காது. ஆற்றிலோ ஏரியிலோ பிடித்த விலாங்கில் முற்றிய சினை வராது. அது முட்டையிடுவது ஆழ்கடலில், வாழ்நாளில் ஒரே தடவை, அதோடு செத்துவிடும். ஆக, குழம்புக்கு வரும் ஒவ்வொரு விலாங்கும் இன்னும் இனம் பெருக்காதது.

வாங்கியது விலாங்குதானா என்றும் பாருங்கள். முதுகில் ரம்பம் போலக் குட்டை முட்களும் கூர்மூக்கும் இருந்தால் அது ஆரல். நன்னீரிலேயே முட்டையிட்டுப் பெருகும். விலாங்குக்கு முதுகில் முள் கிடையாது. செவுளுக்குப் பின்னால் இரண்டு சிறு துடுப்பு. முதுகுத் துடுப்பு வாலைச் சுற்றி வந்து அடித்துடுப்போடு ஒரே நாடாவாகச் சேரும். (கழுவும்போது கண்ணைத் தொடாதீர்கள். வேகாத ரத்தம் நச்சு, எரிச்சல் கொடுக்கும். நன்றாக வெந்தால் முறிந்துவிடும்.)

கடலில் பொரிக்கும் குஞ்சு அரளி இலை வடிவில், கண்ணாடி போல இருக்கும். மாதக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து, கரையை நெருங்கியதும் உருண்டு நூலாகி, சுமார் 5 செ.மீ. நீளத்தில் முகத்துவாரத்துக்குள் நுழையும். ஜப்பான் விலாங்கின் முட்டையைக் கடலில் முதன்முதலாகக் கண்டெடுத்ததே 2009-இல்தான், மரியானா தீவுகளுக்கு மேற்கே.

பெங்களூரு மேட்டுக்கு ஏறிவர அதற்கு இரண்டு வழி. பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரித் தண்ணீர் தென்பெண்ணையில் விழுந்து கடலூர் போகிறது. மேற்குப் பக்கத்துத் தண்ணீர் அர்க்காவதி வழியாகக் காவிரிக்கு. முதல் வழியில் சாத்தனூர், கிருஷ்ணகிரி, கெலவரப்பள்ளி அணைகள். இரண்டாவதில் 1934-இல் கட்டி முடித்த மேட்டூர். மேட்டூர் 120 அடியைத் தொட்டால் நமக்குக் கொண்டாட்டம். குஞ்சுக்கு அது சுவர். விரல் நீளக் குஞ்சு பாசி பிடித்த ஈரச்சுவரில் வயிற்றை ஒட்டிக்கொண்டு ஏறும். வளர்ந்து எடை கூடினால் வழுக்கும். சுவர் காய்ந்திருந்தால் குஞ்சும் ஏறாது. அணையோரம் ஒரு சாய்வான சிறு வாய்க்கால் அமைத்து, உள்ளே பிரஷ் முடியை நெருக்கமாகப் பதித்து, மேலிருந்து தண்ணீரைக் கசியவிட்டால் ஏறிவிடும். பெரிய செலவில்லை.

சிக்கல், முட்டையிடக் கடலுக்கு இறங்கும்போதுதான். பல ஆண்டுகள் வளர்ந்தபின் கண் பெரிதாகும், முதுகு கறுக்கும், வயிறு வெள்ளியாகும். இரை எடுப்பது நின்று குடல் சுருங்கும். உடம்புக் கொழுப்புதான் கட்டுச்சோறு. மழை வெள்ளத்தோடு, இருட்டில் கிளம்பும். மின்நிலைய மதகில் கம்பி இடைவெளி அகலமாக இருந்தால் டர்பைனுக்குள் போய்விடும். உடம்பு நீளமென்பதால் மற்ற மீன்களைவிட அதிகம் அடிபடும்.

"பண்ணையில் வளர்த்துக்கொள்ளலாமே?" குஞ்சுக்கு எங்கே போவது? ஜப்பான் ஆய்வகத்தில் 2010-இல் முழு வாழ்க்கைச் சுற்றையும் முடித்துக் காட்டினார்கள். ஆனாலும் பண்ணைகள் கடலோரத்தில் பிடித்த குஞ்சைத்தான் நம்பியிருக்கின்றன.

வெள்ளி வயிற்று விலாங்கு தூண்டிலைக் கடிக்காது, பசியே இல்லையே. வலையிலும் பறியிலும்தான் மாட்டும். மாட்டினால் ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துப்போய் விடுங்கள். தோல் வழியாகவும் மூச்சுவிடும் என்பதால் சிறிது தூரம் தாங்கும். விடுவது அணைக்குக் கீழே இருக்கட்டும், மேலே அல்ல.