ஸ்கூலுக்கு யாரோ போன் பண்ணி உங்க பிள்ளையைப் பத்தி கேட்டா என்ன சொல்வாங்க தெரியுமா?

அமெரிக்காவுல பிள்ளைங்களைப் படிக்க வைக்கிற நம்ம ஆளுங்களுக்காக எழுதறேன். தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க, புருஷன் தொல்லை தாங்காம வேற ஊருக்கு வந்து பொண்ணை பப்ளிக் ஸ்கூல்ல சேர்த்தாங்க. ரெண்டே மாசம். அந்தாளு ஸ்கூலுக்கு போன் போட்டு, "அப்பா பேசறேன், ரிப்போர்ட் கார்டு வரல, என்ன அட்ரஸ் வச்சிருக்கீங்க, படிங்க"ன்னிருக்கான், ஆபீஸ்ல இருந்தவங்களும் கதவு நம்பரோட படிச்சுட்டாங்க. ஸ்கூல் ரெக்கார்டு எதையும் அவனுக்குக் காட்டக்கூடாதுன்னு கோர்ட் ஆர்டரே இருந்துச்சு. எங்க இருந்துச்சு? அக்கா பீரோவுல.

பிள்ளைங்க ஸ்கூல் ரெக்கார்டு வெளிய போகாம பாதுகாக்கிற அமெரிக்கச் சட்டம் பேரு ஃபெர்பா (FERPA), 1974ல வந்தது. அமெரிக்க மத்திய கல்வித்துறை காசு வாங்குற ஸ்கூலுக்கெல்லாம் பொருந்தும், காசு வாங்காத பிரைவேட் ஸ்கூலுக்குப் பொருந்தாது. சில விதிவிலக்கு தவிர, பேரண்ட் எழுத்துல சம்மதிக்காம பிள்ளை ரெக்கார்டை வெளியாளுக்குக் கொடுக்கக்கூடாது, வாயால சொன்னாலும் கொடுத்த கணக்குதான். கேக்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா ரெக்கார்டைப் பார்க்க அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் சம உரிமை, பிரிஞ்சிருந்தாலும்தான். அதை நிறுத்தணும்னா ஆர்டர்ல அந்த உரிமை ரத்துன்னு தெளிவா இருக்கணும், அது ஸ்கூல் கைக்குப் போயும் இருக்கணும். "கிட்ட வரக்கூடாது"ன்னு மட்டும் இருந்தா அதை வச்சு தைரியமா இருந்துடாதீங்க, வக்கீல் கிட்ட சொல்லி ஸ்கூல் ரெக்கார்டுன்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. வந்த அன்னைக்கே காப்பியைக் கொடுத்து, வாங்கிக்கிட்டோம்னு ஈமெயில் வாங்குங்க.

அடுத்த பொறி 'டைரக்டரி இன்ஃபர்மேஷன்'. பேரு, அட்ரஸ், போன் நம்பர், பிறந்த தேதி, போட்டோ, எந்த டீம்ல விளையாடறான், இதுல எதையெல்லாம் ஸ்கூல் அந்த லிஸ்ட்ல போட்டிருக்கோ அதை உங்களைக் கேக்காமலே கொடுக்கலாம், வேணாம்னு நீங்க எழுதிக் கொடுக்காத வரைக்கும். அந்த ஃபார்ம் வருஷ ஆரம்பத்துல அம்பது பேப்பருக்கு நடுவுலயோ ஆன்லைன் ரிஜிஸ்ட்ரேஷன்ல ஒரு டிக் பாக்ஸாவோ வரும், கெடு முடிஞ்சப்புறம் "அடுத்த வருஷம் பாருங்க"ம்பாங்க. சில ஸ்கூல்ல வேணாம்னு டிக் பண்ணா இயர்புக்ல (ஸ்கூல் வருஷா வருஷம் போடற போட்டோ புக்) போட்டோவும் வராது, பிள்ளை அழும், அதனால முன்னாடியே கேட்டுக்கோங்க. ஹைஸ்கூல்னா மிலிட்டரிக்கு ஆள் எடுக்கறவங்களுக்கு நம்பர் போகாம இருக்கவும் எழுதிக் கொடுக்கணும், அதுக்குத் தனி பாக்ஸ் இருக்கான்னு பாருங்க.

போன்ல பேசறது யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? 'நியாயமான முறையில' சரிபார்க்கணும்னு மட்டும்தான் ரூல். நிறைய இடத்துல பிறந்த தேதி கேப்பாங்க, அந்தத் தேதியே டைரக்டரி லிஸ்ட்ல இருக்கலாம்! அதனால கோட் வேர்டு ஒண்ணு போடச் சொல்லுங்க, எங்களைக் கூப்பிட்டுக் கேக்காம போன்ல எதுவும் சொல்லாதீங்கன்னும் எழுதிக் கொடுங்க. இதுக்கு ஒத்துக்கணும்னு சட்டம் இல்ல, ஆனா எழுத்துல கேட்டா சில ஸ்கூல் ஒத்துக்கறாங்க. கவுண்டர்ல வாயால கேட்டா டிஸ்ட்ரிக்ட்டை (அந்த ஏரியா ஸ்கூல்களை நடத்தற ஆபீஸ்) கேளுங்கம்பாங்க, டிஸ்ட்ரிக்ட்ல பிரின்சிபலைக் கேளுங்கம்பாங்க, பிரின்சிபல் மீட்டிங்ல இருப்பாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே ஈமெயிலா போடுங்க.

ஏற்கனவே விஷயம் வெளிய போயிருந்தா யார் கேட்டாங்கன்னு ஸ்கூல் வச்சிருக்கிற பதிவைக் கேளுங்க, 45 நாளுக்குள்ள காட்டணும். டைரக்டரி தகவல் கொடுத்தது அதுல இருக்காது, பேரண்ட்டுக்கே கொடுத்ததும் இருக்காது, அக்கா கேட்டப்போ வெறும் தாள்தான் வந்துச்சு. தப்பு நடந்தது தெரிஞ்ச 180 நாளுக்குள்ள மத்திய கல்வித்துறைக்கு எழுத்துல புகார் போடணும், "விசாரிக்கிறோம்"னு ஸ்கூல் இழுக்கறதை நம்பி உக்காந்துடாதீங்க. இந்தச் சட்டத்தை வச்சு நீங்களே கேஸ் போட்டு நஷ்டஈடு வாங்க முடியாது, 2002லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

பிள்ளைக்கு 18 ஆனாலோ காலேஜ் சேர்ந்தாலோ இந்த உரிமையெல்லாம் பிள்ளைக்குப் போயிடும், அப்புறம் அவங்களே கையெழுத்து போடணும்.

அக்கா போன மாசம் வேற நம்பர்ல இருந்து ஸ்கூலுக்குப் போன் பண்ணி, கோட் வேர்டு சொல்லாம பொண்ணு வந்திருக்காளான்னு கேட்டுப் பார்த்தாங்க. "ஃபைல்ல இருக்கிற நம்பருக்கு நாங்களே கூப்பிடறோம்"னு வச்சுட்டாங்க. அடுத்த நிமிஷம் அக்காவோட செல்லு அடிச்சுது.