சிக்னலில் கார் ஆஃப் ஆகிறதா? தயவுசெய்து அந்த ஸ்க்ரூவைத் திருகாதீர்கள்

ஓடும்போது எந்தக் குறையும் இல்லை. சிக்னலில் பிரேக் போட்டு நின்றதும் ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) முள் 800-லிருந்து 500-க்கு இறங்கி, வண்டி ஒரு குலுக்கு குலுக்கி ஆஃப் ஆகிவிடுகிறது. இந்தப் புகாரோடு வரும் பெட்ரோல் கார்களின் பானெட்டைத் திறந்தால், திரும்பத் திரும்ப ஒரே காட்சிதான். இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியின் ஸ்டாப் ஸ்க்ரூவில் கம்பெனி போட்ட பெயின்ட் உடைந்திருக்கும். "ஐடிலிங் கம்மியா இருந்துச்சு சார், கொஞ்சம் ஏத்தி விட்டிருக்கேன்" என்று யாரோ திருகிவிட்டிருப்பார்கள். ஒரு கோளாறோடு இருந்த வண்டிக்கு இப்போது இரண்டு கோளாறு.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். அம்பாசடர், பத்மினி, பழைய மாருதி 800 எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். அவற்றில் ஐடில் ஸ்க்ரூ திருகுவதற்காகவே இருந்தது. இன்ஜெக்ஷன் வண்டியில் அப்படி இல்லை. ஐடிலிங்கை, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை, ஈசியூ என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. கேபிள் த்ராட்டில் என்றால் ஐஎஸ்சி வால்வு (ஐடில் காற்றுக்கான தனி வால்வு) வழியாகக் காற்றைக் கூட்டிக் குறைக்கும். எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் காற்று வழியை மூடித் திறக்கும் பட்டாம்பூச்சித் தட்டையே மோட்டார் மூலம் அசைக்கும். ஸ்டாப் ஸ்க்ரூவின் வேலை ஒன்றுதான்: தட்டு குழாயில் போய்ச் சிக்கிக்கொள்ளாமல் தடுப்பது.

அதைத் திருகினால் தட்டு எப்போதும் கொஞ்சம் திறந்தே இருக்கும். பல வண்டிகளில் த்ராட்டில் சென்சார் அதை "கால் ஆக்சிலரேட்டரில் இருக்கிறது" என்று சொல்லும். ஈசியூ ஐடில் கட்டுப்பாட்டுக்கே வராது. காலை எடுத்தால் பெட்ரோலை நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாது; இன்ஜின் பிரேக்கிங் குறையும், கியர் மாற்றும்போது ஆர்பிஎம் இறங்காமல் தொங்கும். மூல காரணமோ தொடப்படாமல் அப்படியே இருக்கும்.

அந்த மூல காரணம் பெரும்பாலும் கார்பன். தட்டு மூடும் விளிம்பைச் சுற்றிக் கறுப்பாக ஒட்டிக்கொண்டு, ஐடிலுக்கு வேண்டிய காற்றின் வழியை அடைத்துவிடும். சுத்தம் செய்வது பெரிய வேலை இல்லை. இன்ஜின் ஆறட்டும், சாவியை எடுத்துவிடுங்கள். ஏர் ஹோஸ் கிளாம்பைத் தளர்த்திக் கழற்றி, நூல் பிரியாத துணியில் த்ராட்டில் பாடி கிளீனரை அடித்து, விளிம்பையும் உள்சுவரையும் துடையுங்கள். கேனை நேராக உள்ளே பீய்ச்சினால் திரவம் ஷாஃப்ட் வழியாக சென்சாருக்குள்ளும் மோட்டாருக்குள்ளும் இறங்கும். எலக்ட்ரானிக் த்ராட்டிலை விரலால் வலுவாகத் தள்ள வேண்டாம். உள்ளே இருப்பது பிளாஸ்டிக் கியர். ஐஎஸ்சி வால்வின் ஊசியையும் பிடித்து இழுக்காதீர்கள்.

சுத்தம் செய்தபின் ஐடிலை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டு "சர்வீஸ் பண்ணியும் சரியாகல" என்று திரும்பி வருபவர்கள் நிறைய. ஈசியூவோடு இணைக்கும் ஸ்கேனரில் த்ராட்டில் அடாப்டேஷன் (இதைக் கற்றுக்கொடுக்கும் வசதி) இருந்தால் அதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் மேனுவலில் உள்ள முறைப்படி. பல வண்டிகளுக்கு, ரேடியேட்டர் ஃபேன் ஓடும் வரை சூடாக்கி, ஏசி, லைட் எல்லாம் ஆஃப் செய்து பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு ஏசி போட்டு இன்னும் சில நிமிடம் விட்டால் போதும். பேட்டரி மாற்றிய மறுநாள் இந்தத் தொல்லை தொடங்குவதற்கும் இதுவே காரணம். கார்பனுக்கு ஏற்ப ஈசியூ கற்று வைத்திருந்த கணக்கு அழிந்துபோயிருக்கும்.

கார்பன் இல்லையென்றால், எப்போது ஆஃப் ஆகிறது என்று கவனியுங்கள். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும், பெடல் பக்கம் 'உஸ்' சத்தத்தோடு என்றால் பிரேக் பூஸ்டரின் (இன்ஜின் வேக்கத்தால் மிதிப்பை லேசாக்கும் பாகம்) ரப்பர் டயாஃப்ரம் லீக். டேங்க் நிரப்பிய கையோடு என்றால் டேங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வு மூடாமல் சிக்கியிருக்கும். சூடான பிறகு, குலுக்கலே இல்லாமல் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் இன்ஜின் சுழல்வதை ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைச் சந்தேகியுங்கள்.

வேக்கம் லீக் (த்ராட்டிலைத் தாண்டி வேறு வழியில் காற்று நுழைவது) பற்றி மெக்கானிக் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஏர் ஃப்ளோ சென்சார் வண்டியில் கணக்கில் வராத காற்று நுழைந்து மிக்ஸ்சர் லீன் ஆகும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது. ஐடிலில் ஃபியூவல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) +15, +20 சதவீதம் காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு வந்தால் லீக்தான். ரேஸ் கொடுக்கக் கொடுக்க ட்ரிம் ஏறினால் பெட்ரோல் சப்ளையைப் பாருங்கள். மேப் சென்சார் (காற்றின் அழுத்தத்தை அளப்பது) மட்டும் உள்ள வண்டியில் சின்ன லீக் பெரும்பாலும் ஆர்பிஎம்மை ஏற்றும், ஆஃப் செய்யாது. நிறுத்தி வைத்த வண்டியில் எலி கடித்த ஹோஸையும் பாருங்கள். ஹோஸ்களை ஒவ்வொன்றாக பிளையரால் மெல்ல அழுத்தி, ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் கார்ப் கிளீனர் அடித்து லீக் தேடுவதை நிறுத்துங்கள். அது தீப்பிடிக்கும்.

புது வண்டி வாங்கியவர்கள் டேஷ்போர்டில் ஐடில் ஸ்டாப் விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரிந்தால் வண்டி தானாக நிறுத்தியிருக்கிறது. கோளாறே இல்லை.

இந்தப் பிரச்சினையோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆட்டோமேட்டிக் வண்டியில் இடது காலால் பிரேக்கும் வலது காலால் ஆக்சிலரேட்டருமாகச் சிக்னலில் நிற்காதீர்கள். முன்னால் பைக்கில் ஆள் நிற்கிறார். உருண்டுகொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுவிட்டால் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வேக்கம் மிச்சம் இருக்கும். விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். ஸ்டியரிங் கனக்கும், விடாதீர்கள். ஓரம் கட்டும்வரை சாவியை உருவக் கூடாது. ஸ்டியரிங் லாக் ஆகிவிடும்.

ஸ்க்ரூவை ஏற்கெனவே திருகிவிட்டார்களா? முதலில் கார்பனை எடுங்கள். பிறகு ஸ்கேனரில் த்ராட்டில் மூடிய நிலை அளவைப் பார்த்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு ஸ்க்ரூவைத் திரும்பக் கொண்டுவந்து, பெயின்ட் வைத்து அடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு செய்யும் சோதனைகள்தான் எதையாவது சொல்லும்.