பெரிய திரை போன் வாங்கும் முன் ஒரு ஸ்கேலை எடுங்கள்

"எழுத்தே தெரியல, பெரிய ஸ்கிரீனா மாத்திடலாம்னு பார்க்கிறேன்." போன் சர்வீஸ் கடைகளில், நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் அடிக்கடி சொல்வது இது. கையில் இருப்பது பழைய 5.5 இன்ச் போன். கண் வைத்திருப்பது 6.7 இன்ச். 1.2 இன்ச் கூடுகிறதே, கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் என்று மனதில் ஒரு கணக்கு ஓடும். அந்தக் கணக்கில்தான் கோளாறு.

திரையின் இன்ச் அளவு ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு, குறுக்காக எடுப்பது. 2016 வரை வந்த போன்களில் பெரும்பாலானவை உயரத்துக்கு அகலம் 16:9 என்ற விகிதத்தில் இருந்தன. 2017-ல் சாம்சங் எஸ்8, எல்ஜி ஜி6 போன்றவை வந்த பிறகு திரைகள் நீள ஆரம்பித்தன. இன்றைய ஆண்ட்ராய்டு போன்கள் பெரும்பாலும் 20:9 அல்லது அதற்குப் பக்கத்தில். திரை உயர்ந்துகொண்டே போனது. அகலம் பெரிதாக மாறவில்லை.

கணக்கு எளிது. 16:9 திரை என்றால் இன்ச்சை 12.45-ஆல் பெருக்குங்கள், அகலம் மில்லிமீட்டரில் வரும். 18:9 என்றால் 11.36-ஆல், 20:9 என்றால் 10.42-ஆல். பழைய 5.5 இன்ச் போனின் திரை அகலம் 68.5 மி.மீ. புது 6.7 இன்ச் போனில் 69.8 மி.மீ. வித்தியாசம் 1.3 மி.மீ. போனை நிமிர்த்திப் பிடித்து வாட்ஸ்அப் படிப்பவருக்கு ஒரு வரியின் நீளத்தில் இதற்காக எதுவும் மாறப் போவதில்லை. உயரம்தான் 122 மி.மீ.யிலிருந்து 155 மி.மீ. ஆகியிருக்கிறது. அதனால் ஒரே நேரத்தில் அதிக வரிகள் தெரியும். எழுத்து பெரிதாகாது.

வீடியோவிலும் இதே கதைதான். யூடியூபில் பெரும்பாலான வீடியோக்கள் 16:9. அதை 6.7 இன்ச், 20:9 திரையில் படுக்கை வசமாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். படம் மட்டும் எடுத்துக்கொள்ளும் இடம் 5.6 இன்ச். விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் பட்டை போகும், மேலும் கீழும் படம் வெட்டுப்படும். கிரிக்கெட் பார்க்கும்போது அந்த வெட்டில் ஸ்கோர் வரி போய்விடும். 6.5-லிருந்து 6.8-க்குத் தாவ நினைப்பவர்களுக்கும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்: அகலத்தில் 3 மி.மீ. கூடும், அதாவது ஐந்து சதவீதத்துக்கும் குறைவு.

அதே ஐந்து சதவீதத்தை மனதில் வைத்துக்கொண்டு இப்போதுள்ள போனின் செட்டிங்ஸைத் திறங்கள். டிஸ்பிளே பகுதியில் 'ஃபான்ட் சைஸ்' என்று ஒரு ஸ்லைடர் இருக்கும். வழக்கமான ஆண்ட்ராய்டில் ஒரு படி மேலே தள்ளினால் எழுத்து 15 சதவீதம் பெரிதாகும், இரண்டு படி தள்ளினால் 30. ஆண்ட்ராய்டு 14 முதல் இரண்டு மடங்கு வரை போகலாம். அதற்குக் கீழேயே 'டிஸ்பிளே சைஸ்' என்று இன்னொன்று இருக்கும். அது ஐகான், பட்டன் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கும். வாட்ஸ்அப்பில் சாட்ஸ் செட்டிங்ஸுக்குள் தனியாக ஒரு ஃபான்ட் சைஸ் உண்டு. குரோமில் அக்சஸிபிலிட்டி பகுதியில் இருக்கிறது. இவற்றை ஒரு வாரம் வைத்துப் பழகிப் பாருங்கள்.

தமிழில் போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. தமிழ்ச் சொல் நீளம். எழுத்தை மிகப் பெரிதாக்கினால் சில ஆப்களில் பட்டனுக்குள் சொல் அடங்காமல் பாதியில் புள்ளி புள்ளியாக நின்றுவிடும். பணம் அனுப்பும் ஆப்பில் எது 'அனுப்பு', எது 'ரத்து' என்று தெரியாமல் அழுத்துவது ஆபத்து. அப்படி ஆனால் ஃபான்ட் சைஸை ஒரு படி இறக்கி, டிஸ்பிளே சைஸை ஒரு படி ஏற்றுங்கள். அதுவும் போதவில்லை என்றால் போன் கடைக்கு முன் கண் மருத்துவரைப் பார்ப்பது உத்தமம். நாற்பதுக்கு மேல் வரும் சாளேசுவரத்துக்குத் தீர்வு படிக்கும் கண்ணாடி. கையை நீட்டி நீட்டிப் பிடிப்பவருக்கு ஏழு இன்ச் கொடுத்தாலும் கை நீளத்தான் செய்யும்.

பெரிய திரையால் பலனே இல்லை என்று சொல்ல வரவில்லை. கீபோர்டு திறந்த பிறகும் மேலே படிக்க இடம் மிச்சமிருப்பது, திரையை இரண்டாகப் பிரித்து வேலை செய்வது, மேப்பைப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டுவது, கேம் ஆடுவது, நீளமான எக்ஸெல் பட்டியலைப் புரட்டுவது, இதற்கெல்லாம் 155 மி.மீ. உயரம் உண்மையாகவே உதவும். உடல் பெரிது என்பதால் உள்ளே பெரிய பேட்டரி உட்காரும். டெலிவரி வேலையில் இருப்பவர்கள் பெரிய போன் வாங்குவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

பாடப் புத்தக பிடிஎஃப் படிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. அதை 70 மி.மீ. திரையில் அடக்கினால் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்; 12 புள்ளி (பாயின்ட்) எழுத்து 4 புள்ளியாகத் தெரியும். 65 மி.மீ. திரையிலும் நிலைமை இதேதான். 11 இன்ச் டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் ஏறத்தாழ 148 மி.மீ. வரும், எழுத்து எட்டுப் புள்ளிக்கு மேல் நிற்கும். பிள்ளைகளின் படிப்புக்கு நாற்பதாயிரம் ரூபாய் போனைவிட, இருக்கிற போனோடு ஒரு சாதாரண டேப்லெட் மேல்.

அடுத்தது கை. 2011-ல் வந்த முதல் கேலக்ஸி நோட், 5.3 இன்ச், 178 கிராம். அதையே அன்று அநியாயப் பெரிசு என்றார்கள். இன்றைய பெரிய போன்கள் 200 முதல் 230 கிராம் வரை சாதாரணமாக இருக்கின்றன; ஐபோன் 14 புரோ மேக்ஸ் 240 கிராம். பவுச்சும் டெம்பர் கண்ணாடியும் போட்டால் இன்னும் முப்பது கிராமாவது ஏறும். ஷோரூம் மேசையில் பவுச் இல்லாமல், இரண்டு நிமிடம் தூக்கிப் பார்க்கும்போது இந்த எடை தெரியாது. கேட்டால் பவுச் போட்டுக் காட்டுவார்கள், கேளுங்கள். ஒரே கையில் பிடித்து, அதே கையின் கட்டை விரலால் எதிர்ப்பக்க மேல் மூலையைத் தொட்டுப் பாருங்கள். அப்போது போனின் அடிப்பாகம் சுண்டு விரலில் உட்கார்ந்து நழுவப் பார்க்கிறதா? கீழே விழும் போன்களில் ஏராளமானவை அந்த நொடியில்தான் விழுகின்றன. ஸ்பெக் ஷீட்டில் இன்ச்சை விட்டுவிட்டு உடல் அகலத்தைப் படியுங்கள். 72 மி.மீ.க்குள் என்றால் பெரும்பாலான கைகளுக்கு ஒற்றைக் கை டைப்பிங் ஓடும். 76-ஐத் தாண்டினால் இரண்டு கை வேண்டும். பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

சட்டைப் பை இன்னொரு வில்லன். 6.7 இன்ச் போனின் உயரம் 160 மி.மீ.க்கு மேல், சட்டைப் பையின் ஆழம் வழக்கமாக அதைவிடக் குறைவு. மேல் பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பைக் ஸ்டாண்டைத் தள்ளக் குனிந்தால் போன் தலைகீழாக இறங்கும், மூலை முதலில் தரையைத் தொடும். மூலை அடிதான் டிஸ்பிளேவுக்கு மிக மோசமான அடி, ஏனென்றால் மொத்த வேகமும் ஒரு சிறு புள்ளியில் இறங்குகிறது.

டிஸ்பிளே என்றதும் விலைக்கு வருவோம். வாங்கும் முன் அந்த மாடலின் டிஸ்பிளே காம்போ (திரையும் டச் கண்ணாடியும் சேர்ந்த தொகுப்பு) என்ன விலை என்று பாருங்கள். பல நிறுவனங்கள் தங்கள் இந்திய இணையதளத்திலேயே உதிரிபாக விலைப் பட்டியலை வைத்திருக்கின்றன. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய 'ரைட் டு ரிப்பேர்' தளத்திலிருந்தும் சில நிறுவனங்களின் பக்கங்களுக்குப் போகலாம். காம்போ விலை போன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், அந்தப் போனை இன்ஷூரன்ஸ் இல்லாமல் வாங்காதீர்கள். இன்ஷூரன்ஸ் எடுத்தாலும் ஒவ்வொரு கிளைமுக்கும் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வளைந்த விளிம்புத் திரை பார்க்க அழகு, வேலைக்கு ஆகாது என்பது என் கருத்து. சாதாரண டெம்பர் அதில் ஓரம் ஒட்டாது. யூவி பசை ஊற்றி ஒட்டும் கண்ணாடிதான் போட வேண்டும். அந்தப் பசை காய்வதற்குள் ஸ்பீக்கர் ஓட்டையிலும் வால்யூம் பட்டன் இடுக்கிலும் கசிந்து இறுகிவிட்டால், குரல் அடைத்துப்போகும், பட்டன் அழுந்தாது. தட்டைத் திரையில் இந்தத் தொல்லையே இல்லை.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் அமோலெட் திரை உடைந்தால், அதற்குப் பதிலாகப் பாதி விலைக்கு, பின்விளக்கில் ஒளிரும் டிஎஃப்டி காப்பி போட்டுத் தருவார்கள். அது தடிமன், ஃபிரேமுக்கு மேல் லேசாகத் தூக்கி நிற்கும். திரைக்கடியில் இருக்கும் விரல்ரேகை சென்சார் வேலை செய்யாது, ஏனென்றால் அந்த பேனலின் பின்விளக்குத் தகடு குறுக்கே நிற்கிறது. பின்விளக்கு எப்போதும் எரிவதால் சார்ஜும் சீக்கிரம் இறங்கும். என்ன போட்டிருக்கிறார்கள் என்று தெரிய, இருட்டறையில் முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறங்கள். அமோலெட் என்றால் திரை அணைந்ததுபோல் இருக்கும். டிஎஃப்டி சாம்பலாக ஒளிரும்.

"போன் ஸ்லோ, சார்ஜ் நிக்கல" என்பதுதான் மாற்ற நினைப்பதற்குக் காரணம் என்றால், அதற்கும் திரைக்கும் சம்பந்தமில்லை. ஸ்டோரேஜ் 90 சதவீதத்துக்கு மேல் நிறைந்தால் எந்த போனும் திணறும். புதிதாக எழுத மெமரிக்குக் காலி இடம் வேண்டும், அதைத் தேடித் தேடியே நேரம் போகும். வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதற்குள் மேனேஜ் ஸ்டோரேஜ் போனால், 5 எம்பிக்கு மேற்பட்ட ஃபைல்களும் பலமுறை ஃபார்வர்டு ஆனவையும் தனித்தனியாக வரிசை கட்டி நிற்கும். குட் மார்னிங் வீடியோக்களை மட்டும் நீக்கினாலே பல போன்களில் ஜிபி கணக்கில் இடம் கிடைக்கும்.

பேட்டரி: ஐபோனில் பேட்டரி ஹெல்த் 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் மாற்றும் நேரம். ஆண்ட்ராய்டில் ஓர் அடையாளம், 25, 30 சதவீதம் காட்டும்போதே கேமரா திறந்ததும் போன் அணைந்துபோவது. பழைய பேட்டரியின் உள்தடை கூடிவிடுகிறது. திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்துவிடும். பின்மூடி தூக்கியிருந்தாலோ, தட்டையான மேசையில் வைத்தால் போன் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திவிட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். சார்ஜர் பின் லூசாக நிற்கிறது என்று வரும் புகார்கள் பலவற்றுக்குக் காரணம், ஜாக்குக்குள் அடைந்த பேண்ட் பை நூல்தான். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம், ஊசி வேண்டாம்.

மாற்றியே தீர வேண்டிய நிலைமையும் உண்டு. அபௌட் போன் பகுதியில் செக்யூரிட்டி அப்டேட் தேதியைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தையது என்றால், அந்த போனில் வங்கி ஆப் வைத்திருப்பது நல்லதல்ல. 32 ஜிபி போன்களையும் இனி இழுத்துப் பிடிக்க முடியாது. புதிதாக வாங்கும்போது எத்தனை வருட அப்டேட் என்பதைத் திரை அளவுக்கு முன் கேளுங்கள். பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 வரிசைகளுக்கு ஏழு வருடம் என்று அறிவித்திருக்கிறார்கள், மலிவு மாடல்கள் பலவற்றில் அதில் பாதிகூட வராது. நோ காஸ்ட் இஎம்ஐயில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்தாலும், அந்த வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீஸும் பில்லில் வந்து நிற்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) எடுத்து, பணம் கொடுக்கும் முன் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள். திருட்டு என்று முடக்கப்பட்டதா என்பது அங்கேயே தெரியும்.

புதுப் போனுக்கு மாறும் நாளை மாதக் கடைசியிலோ வாடகை கட்டும் நாளிலோ வைக்காதீர்கள். புதுப் போனில் யூபிஐ பதிவு செய்ய அந்த சிம்மிலிருந்தே எஸ்எம்எஸ் போக வேண்டும், அதற்கு எஸ்எம்எஸ் பேலன்ஸ் இருக்க வேண்டும். பதிவானதும் முதல் 24 மணி நேரம் அனுப்பும் தொகைக்குக் கட்டுப்பாடு இருக்கும். ஐபோனில் இது இன்னும் நீளலாம். பழைய போனை ஒரு வாரமாவது அழிக்காமல் வையுங்கள். வாட்ஸ்அப் சாட், இரண்டடுக்குப் பாதுகாப்புக்கான ஆதென்டிகேட்டர் ஆப், நோட்ஸில் எழுதி வைத்த கணக்குகள் எல்லாம் வந்துவிட்டனவா என்று பார்த்த பிறகுதான் எக்ஸ்சேஞ்ச். கொடுக்கும் நாளில் வரிசை முக்கியம்: முதலில் கூகுள் கணக்கை நீக்குங்கள், ஐபோனில் ஃபைண்ட் மையை அணையுங்கள், சிம்மையும் மெமரி கார்டையும் எடுங்கள், அதன் பிறகு ஃபேக்டரி ரீசெட். கணக்கை நீக்காமல் ரிக்கவரி வழியாக ரீசெட் செய்தால் போன் பழைய பாஸ்வேர்டைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். எக்ஸ்சேஞ்சுக்கு வருபவர் அதை வாங்க மாட்டார்.